வழிகாட்டியின் வீட்டில்

அவள் இன்னும் உட்காரக்கூட இல்லை. அதற்குள் பேராசிரியர் ஒரு துணிப்பையை நீட்டிவிட்டார்.

"வந்ததே வந்தே, அப்படியே கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்துடும்மா. இஸ்திரிக்குக் குடுத்த துணி ரெடியா இருக்கும்."

தோழிகள் அவளுக்குக் 'கேள்விப்பெட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியாக இருக்கச் சொல்லிக் கேட்கத்தான், ஆய்வுத் தலைப்பை எழுதிய தாளோடு அவள் வந்திருந்தாள். அவரைப் பிடித்துவிட்டால் பட்டம் கைக்கு வந்த மாதிரி என்று துறையில் எல்லோரும் சொன்னார்கள். பட்டம் வருகிறவரை கையில் அவர் வீட்டுப் பை இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. உள்ளே சமையலறையில் நாலாம் வருட ஆராய்ச்சி மாணவன் ஒருவன் குனிந்து ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சார், தலைப்பைப் பத்திப் பேசலாம்னு வந்தேன்..."

"என் லிஸ்ட்ல ஏழாவது காலியா இருக்கு. அதை எடுத்துக்கோ."

"வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்களைப் பத்திப் பண்ணணும்னு ஆசை சார். எங்கம்மா இருபத்திரெண்டு வருஷமா நாலு வீட்ல வேலை பார்க்கிறாங்க."

பேராசிரியர் சிரித்துவிட்டார். "பாத்திரம் தேய்க்கிறதுல என்னம்மா ஆராய்ச்சி? யாரு வேணா செய்யற வேலைதானே!"

"நீங்க செய்வீங்களா சார்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. உள்ளே ஃபிரிட்ஜுக்குள் தலைவிட்டிருந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

"இந்த வாயை வெச்சுக்கிட்டு எங்கே போனாலும் நீ தேற மாட்டே," என்றார் பேராசிரியர், முகம் சிவந்து.

அவள் பையை நாற்காலியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். கேட்டைத் திறக்கும்போது பேராசிரியரின் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தார்.

"ஐயோ மேடம், வாய் தவறி..."

"தவறல. சரியான இடத்துலதான் விழுந்துச்சு!" அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் அவர்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவதாம்மா. மூணு அத்தியாயம் எழுதி முடிச்சேன், கல்யாணம் பண்ணிக்கிட்டார். மிச்சத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னார். பத்தொன்பது வருஷமா அந்த அடுத்த வருஷம் வந்தபாடில்ல. நீ டிபார்ட்மெண்ட்ல கடைசி ரூம் மேடத்தைப் போய்ப் பாரு."

கடைசி அறையில் மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. பேராசிரியருக்குப் பயந்து அந்த மேடத்திடம் ஒருவரும் சேரவில்லை. மேடம் அவள் தாளை இரண்டு முறை படித்தார்.

"உங்கம்மா நாலு வீட்டு வேலையைச் செய்யறாங்க. உங்க வீட்டு வேலையை?"

கேள்விப்பெட்டி முதல் முறையாகப் பதிலுக்குத் திண்டாடினாள். "அவங்கதான்... வந்த பிறகு."

"அதுக்கு யாரு கணக்கு வெச்சிருக்காங்க? அங்கேயிருந்து தொடங்கு. நீ எழுதிக் குடுக்கறதை நான் சிவப்பு மையால அடிச்சு நாசம் பண்ணித் திருப்பிக் குடுப்பேன். அதைத் தவிர உனக்கு வேற வேலை கிடையாது. சம்மதமா?"

"ரொம்பச் சம்மதம் மேடம்!"

பத்து நாள் கழித்துப் படிவத்தைக் கொடுக்கப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் பேராசிரியரின் மனைவி நின்றிருந்தார். கையில் மறுபதிவுப் படிவம். புதிய வழிகாட்டி என்ற இடத்தில் கடைசி அறை மேடத்தின் கையெழுத்து. இவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

எழுத்தர் படிவத்தைப் படித்துக்கொண்டே வந்து, முந்தைய வழிகாட்டியை விட்டு விலகக் காரணம் என்ற கட்டத்தில் நின்றார். 'அவர் வீட்டில் வேலை அதிகம்' என்று எழுதியிருந்தது.

"மேடம், இது படிப்பை நிறுத்தறவங்க எழுதற காரணமாச்சே?"

"நான் நிறுத்தினதுக்கும் அதுதான்ப்பா காரணம், திரும்பத் தொடங்கறதுக்கும் அதுதான். சீல் வைப்பா."