நடுவிலுள்ள இரண்டு ஒயர்கள்

...மாறித்தான் கிடக்கின்றன, நடுவிலுள்ள இரண்டு பிளக் ஒயர்களும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆனால் எப்படிச் சொல்வது, மாட்டியவர் சம்பந்தி ஆயிற்றே. என் மகளின் மாமனார் சாவியைத் திருப்புகிறார், கார் இரண்டு தும்மல் தும்மி அடங்குகிறது, நான் துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைக்கிறேன். எங்கள் இருவருக்கும் மூத்த வண்டி, அதன் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, புது பிஸ்டன், பெரிய கார்பரேட்டர், எலெக்ட்ரானிக் இக்னிஷன் என்று ஞாயிறு ஞாயிறாகப் பூட்டினோம், முழங்கைவரை கிரீஸ், ஆனாலும் ஒரு நட்டை நீட்டக்கூட "இந்தாங்க சம்பந்தி" என்று இரண்டு கையாலும் நீட்டுவார், நானும் இரண்டு கையாலும் வாங்குவேன், எங்களைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இன்றும் கிளம்பாவிட்டால் நாளைக்குப் பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிப்போவார், சம்பந்தியம்மாவுக்கு ஷெட் வேண்டுமாம். போனால் போகட்டும் என்று விட்டுவிடவா? விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்... சொல்லிவிடலாமா? பெண்ணைக் கொடுத்த இடம், உன் மாமனாருக்கு ஒயர் மாட்டத் தெரியவில்லை என்றால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? அவர் கை பழகிய வண்டிகளில் பொறியைப் பங்குவைக்கும் ரோட்டர் வலப்பக்கமாகச் சுற்றும், இதில் இடப்பக்கமாக, பழக்கதோஷத்தில் ஒயர்களை வலச்சுற்று வரிசையிலேயே மாட்டிவிட்டார், போன வாரமே பார்த்தேன், பார்த்துவிட்டுப் "பிரமாதம்" என்று வேறு சொன்னேன், என் வாயில் என்ன கொழுக்கட்டையா. இன்னொரு தும்மல். சாவியை உருவிவிட்டார். "சரி சம்பந்தி, வண்டிக்கு வயசாயிடுச்சு, குடுத்துடலாம்."

"யோவ் சம்பந்தி, நடு ஒயர் ரெண்டையும் மாத்தி மாட்டிட்டு வண்டியை ஏன்யா குத்தம் சொல்றீங்க?"

யார் பேசியது, நானா? யோவ் என்றா சொன்னேன்? தொலைந்தேன்... அவர் என்னைப் பார்க்கிறார், ஒயரைப் பார்க்கிறார், விரலால் காற்றில் இடப்பக்கமாக ஒரு வட்டம் போட்டுப் பார்க்கிறார், இரண்டையும் பிடுங்கி மாற்றுகிறார், சாவி, ஒரு உறுமல், பிடித்துக்கொண்டது, அடேயப்பா, ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்கிறது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "தெரிஞ்சுகிட்டே சும்மா இருந்தியாய்யா நீ?" நீ என்கிறார், என்னை, நீ, அது காதில் தேனாகப் பாய்கிறது, ஆனால் வண்டிதான் ஓடிவிட்டதே, இனி எந்தச் சாக்கில் இங்கே வருவேன்...

"நீ மட்டும் ஒழுங்கா?" என்கிறார் சம்பந்தி. "ஏர் ஃபில்டர் மூடியைத் தலைகீழா மாட்டியிருக்கே. மாட்டின அன்னைக்கே பார்த்தேன்."

எட்டிப் பார்க்கிறேன், உண்மைதான், ஒரே ஒரு நட்டு, கையாலேயே திருகிக் கழற்றிவிடலாம், ஊற்றிய டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கையை நீட்டுகிறேன், அவர் பானெட்டைச் சாத்துகிறார். "இப்ப என்ன அவசரம், அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்."

ஒரு நட்டுக்கா, ஒரு முழு ஞாயிறா... ஸ்பானரைத் துடைத்து அங்கேயே ஷெட்டில் வைக்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கு.