பல்புக்கு வைத்த பொட்டு

சங்கரலிங்கத்தின் வீட்டுக்குள் பொட்டு வைக்காமல் ஒரு பொருளும் நுழைய முடியாது. புது ஃபிரிட்ஜ், புது மிக்சி, புது டெலிபோன் என்றால் ராஜபாளையத்தில் எல்லாரும்தான் வைக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர் காஸ் சிலிண்டர் மாறி வருகிற ஒவ்வொரு தடவையும் வைப்பார். டியூப்லைட்டுக்கு வைப்பார். கக்கூஸில் புதுக் குழாய் மாட்டியபோது அதற்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டார். அன்று முழுக்க அந்தக் குழாயைத் திருகியவர்கள் கையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகத் திரிந்ததை நினைத்தால் பரிபூரணம் இப்போதும் போய்க் கையைக் கழுவிக்கொள்வாள்.

பரிபூரணம் அவர் மனைவி, வெளியூரில் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. இருபத்திரண்டு வருஷமாகச் சந்தனம் அரைத்துக் கொடுக்கிறவள். அரைப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. அதைத் தொட்டு வைக்கிற அந்தக் கைதான் அவளுக்குப் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது. மோதிர விரல் நகத்தின் இடுக்கில் காய்ந்த சந்தனம் எப்போதும் அடைந்து கிடக்கும். அதே விரலால் சோற்றைப் பிசைவார்.

தொண்ணூற்றேழு தை மாதம், பேண்டேஜ் துணி வியாபாரம் நன்றாக ஓடிய தைரியத்தில், பழைய அம்பாசிடரைத் தள்ளிவிட்டு ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். மதுரையில் ரிமோட் பூட்டும் போட்டுக்கொண்டு வந்தார்கள். சாவிக்கொத்தில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா தொங்கும். அதை அமுக்கினால் கார் ‘கீங்’ என்று குரல் கொடுத்து நாலு கதவையும் திறக்கும். அமுக்காமல் சாவியைப் போட்டுத் திறந்தாலோ தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஊளையிடும். மூன்று மாதத்துக்குச் சங்கரலிங்கம் அந்த டப்பாவை அமுக்குவதற்காகவே வாசலுக்குப் போய் வந்தார்.

காருக்கும் பொட்டு வைத்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் ஏறியது. துடைத்தால் தரித்திரமாம். பானட்டில் அது தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி வெடித்து உதிர்ந்தது. சக்கரத்தில் நசுக்கிய எலுமிச்சம்பழத்தைக்கூட எடுக்க விடமாட்டார், அது அங்கேயே அழுகும். சீட்டுக்கு வந்த பிளாஸ்டிக் உறையையும் கழற்றவில்லை. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்தால் முதுகு பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே வேர்வையும் புளித்த எலுமிச்சையுமாக ஒரு வாடை வரும். ஊர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. பரிபூரணம் ஏறும்போதே மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பங்குனியில் முன்விளக்குப் பல்பு ஒன்று போனது. அது ஹாலோஜன் பல்பு, பழைய வண்டிகளில் இருந்த சாதாரணப் பல்பு இல்லை. டிரைவர் இருளப்பசாமி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிற பொன்னுராஜிடம் புதுசு வாங்கிவந்து, பெட்டி பிரிக்காமல் முதலாளி கையில் கொடுத்தான். அத்தோடு அவன் வேலை முடிந்தது. புது வண்டிக்குள் புதுப் பொருளைத் தன் கையால்தான் சேர்க்க வேண்டும் என்பது சங்கரலிங்கத்தின் சட்டம். ராகு காலம் தாண்டுகிறவரை பல்பு பூஜை அறையில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். பிறகு அதன் கண்ணாடி வயிற்றில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பானட்டைத் தூக்கி அவரே மாட்டுவார். இருளப்பசாமி கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

அந்தப் பல்பு பத்து நாளில் போனது. அடுத்தது எட்டு நாளில். இதற்கிடையில் இன்னொரு பக்கத்து முன்விளக்குப் பல்பும் போய், அதற்கும் புதுசு வாங்கி, பொட்டு வைத்து மாட்டி, அதுவும் போனது. கழற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கண்ணாடி ஒரு பக்கம் கொப்பளித்து, கருகிய கறை அப்பிக் கிடந்தது. சங்கரலிங்கம் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு கறை பத்து நாளில் ஏறாது, இது வேறு ஏதோ வண்டியில் எரிந்து தீர்ந்த பழைய பல்பு, நல்ல பல்பை விற்றுவிட்டு இருளப்பன் இதைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வருகிறான் என்று முடிவுக்கு வந்தார். தான் வைத்த சந்தனம் எங்கே போயிற்று என்று அந்த மனுஷனுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

இருளப்பசாமி பதினோரு வருஷமாக அந்த வீட்டில் ஸ்டியரிங் பிடிக்கிறவன். அம்பாசிடர் காலத்தில் பரிபூரணத்தின் வைரத் தோட்டின் திருகாணி சீட்டுக்கு அடியில் விழுந்து கிடந்ததை, அவள் தொலைத்ததே தெரியாமல் இருந்தபோது, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் எடுக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை புருஷனிடம் மெதுவாகச் சொல்லியும் பார்த்தாள். உனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டார். அவளும் அடைத்த வாயைத் திறக்கவில்லை.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை சங்கரலிங்கம் அவனைச் சத்தியத்துக்கு இழுத்தார். சோழபுரம் போகிற வழியில் இருக்கிற கருப்பசாமி கோவில். இருளப்பசாமிக்கு அதே ஊர். சாமி முன்னால் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னது பொய்யானால் சொன்னவன் குடும்பம் விளங்காது. களவு கொடுத்தவர்கள் அந்தப் பக்கத்தில் கடைசியாகப் போய் நிற்கிற இடம் அதுதான், அதற்குமேல் யாரும் யாரையும் கேள்வி கேட்கக்கூடாது. ஒரு பல்புக்காக அங்கே போனவர் சங்கரலிங்கம் ஒருத்தர்தான் இருப்பார். போதாததற்குப் பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்.

அவன் மனைவி அய்யம்மாள் இரண்டு பெண்பிள்ளைகளையும் தலை சீவி, பூ வைத்துக் கூட்டி வந்தாள். திருவிழாவுக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கும், சின்னது சிரித்துக்கொண்டே வந்தது. ஊர்ச் சனம் ஒரு முப்பது பேர் கூடிவிட்டார்கள். பரிபூரணம் தேங்காய், பழம் வைத்த தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு புருஷன் பக்கத்தில் நின்றாள். இருளப்பசாமி சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினான். சூடத்தை அடித்து அணைத்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். அப்புறம் யாரையும் பார்க்காமல் போய்க் காருக்குள் உட்கார்ந்து, முதலாளியையும் முதலாளியம்மாவையும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். பின்சீட்டில் சங்கரலிங்கம் வாழைப்பழம் உரித்துத் தின்றார். அந்தச் சவக் சவக் சத்தம் காதில் விழ, பரிபூரணம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் இருளப்பசாமி புதுப் பல்பு வாங்கி வந்தான். பொட்டு வைத்தார், மாட்டினார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் அதுவும் கருகிப் போனது.

அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது. பொய்ச் சத்தியம் பண்ணினவன் என்று பெயர் கட்டி அனுப்பினார். அனுப்பியதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. தெரிந்த மில்காரர்கள், கமிஷன் கடைக்காரர்கள் எல்லாரிடமும் அவராகவே போய்ச் சொன்னார். களவாணி என்றால்கூட ஒருத்தன் இரக்கப்பட்டு வேலை கொடுப்பான். கருப்பசாமி முன்னால் பொய் சொன்னவனை எவன் தன் குடும்பத்தை ஏற்றிப் போகிற வண்டியில் உட்கார வைப்பான்? இரண்டு மாதமாக இருளப்பசாமிக்கு ஒரு மாட்டுவண்டிகூடக் கிடைக்கவில்லை என்று பால்காரி சொல்லித்தான் பரிபூரணத்துக்குத் தெரிந்தது.

புது டிரைவர் யாரும் அமையவில்லை. சங்கரலிங்கமே ஓட்டினார். இரண்டாவது கியருக்கு மேல் போகாமல், ஒற்றைக் கண் விளக்கோடு, பின்னால் வருகிற லாரிக்காரர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டே ஓட்டினார்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி முகூர்த்தத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். கிளம்புகிற நேரத்தில் சாவி டப்பா வேலை செய்யவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பிச் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு செல் வாங்கினார். அதையும் பூஜை அறைக்குள் கொண்டுபோய் வைத்தெடுத்து, பொருத்தி அமுக்கினார். ‘கீங்’ என்றது. போய்ச் சேர்ந்து, தேரடிப் பக்கம் நிறுத்தி, அமுக்கிப் பூட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்கள். சாப்பிட்டு வந்து பரிபூரணம் பையை எடுக்க அமுக்கினால் சத்தமே இல்லை. சாவியைப் போட்டுத் திறந்தாள். கார் ஊளையிட்ட ஊளையில் கல்யாணக் கூட்டமே திரும்பிப் பார்த்தது. சங்கரலிங்கம் கல்யாண வீட்டுக்காரர்களோடு வெற்றிலை போட்டுக்கொண்டு, அந்தக் கார் யாருடையதோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவளே டப்பாவை எடுத்துக்கொண்டு பொன்னுராஜ் கடைக்கு நடந்தாள்.

பொன்னுராஜ் சின்ன ஸ்குரூ டிரைவரால் டப்பாவைப் பிளந்தான். செல்லின் முகத்தில் சந்தனம் வட்டமாகக் காய்ந்து, கம்பியைத் தொட விடாமல் தூக்கிக்கொண்டு இருந்தது. காலையில் ஈரத்தில் எப்படியோ ஒட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறது, காய்ந்ததும் நின்றுவிட்டது. சுரண்டித் துடைத்துப் போட்டான். அமுக்கியதும் டப்பாவில் சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கியது.

அவன் சிரிக்கவில்லை. “யக்கா, பல்புக்கும் இப்படித்தான் வச்சாகளா?” என்று கேட்டான்.

ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். அவன் ஒரு பல்புப் பெட்டியை எடுத்து, பக்கவாட்டில் அச்சடித்திருந்த படத்தைக் காட்டினான். ஒரு கை, ஒரு பல்புக் கண்ணாடி, குறுக்கே ஒரு கோடு. இந்தக் கண்ணாடியில் விரல் பிசுக்குப் பட்டாலே சூட்டில் கொப்பளித்து வெடித்துவிடும், துணியால் பிடித்துத்தான் மாட்டணும், சந்தனம் அப்பினால் அது எப்படித் தாங்கும் என்றான். விற்ற அத்தனையும் நல்ல பல்பு. இருளப்பன் வந்து, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி என்று கடை வாசலில் நின்று அழுதானாம். பொன்னுராஜும் போன் பண்ணியிருக்கிறான். கூட்டுக் களவாணி என்று திட்டிவிட்டு வைத்துவிட்டாராம் சங்கரலிங்கம்.

திரும்பி வருகிற வழியில் கார் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே போக, பரிபூரணம் எல்லாவற்றையும் சொன்னாள். பொன்னுராஜிடம் கேட்டு வாங்கி வந்த பெட்டியில் இருந்த படத்தையும் காட்டினாள். சங்கரலிங்கம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, சரி, இனிமேல் பல்பின் தகரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. இருளப்பசாமிக்கு என்ன பதில் என்று கேட்டாள். போனவன் போயிட்டான், இப்பப் போய் அதைக் கிளறினா ஊர் என்னைத்தான் சிரிக்கும் என்றார். அதே கோவிலில், அதே சனத்துக்கு முன்னால், அவன் எடுக்கல என்று நீங்க சூடத்தை அணைச்சுச் சொல்லுங்க, அப்பத்தான் ஊர் நம்பும் என்றாள்.

சங்கரலிங்கம் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார். “ஏட்டி, கிறுக்கா உனக்கு? சூடத்தை அணைக்கிறது குடும்பத்துக்கு ஆகாது.”

உண்மையைத்தானே சொல்லப் போறீங்க என்றாள். உண்மையோ பொய்யோ, பிள்ளைகுட்டிக்காரன் செய்யிற காரியமா அது என்றார்.

சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்பதே தெரியாமல், கண்ணாடியில் பார்த்து நெற்றித் திருநீற்றைச் சரிபண்ணிக்கொண்டார். பரிபூரணம் கதவைத் திறந்து ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார் அவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை கருப்பசாமி கோவிலுக்குப் போகணும் என்று அவள் சொன்னதும், மனசு மாறிவிட்டாள் என்று சந்தோஷமாகக் கூட்டிப்போனார். பூஜை முடிந்து, பூசாரி சூடத்தட்டைச் சாமி முன்னால் வைத்தார். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது. பரிபூரணம் முன்னால் போய் உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள்.

“இருளப்பசாமி எடுக்கல. எங்க வீட்டுக்காரவுக பல்புல வச்ச சந்தனத்துலதான் பல்பு போச்சு. என் பிள்ளைக மேல சத்தியம்.”

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தது. சங்கரலிங்கம் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். பிள்ளைகளைக் கொன்னுட்டியே பாவி என்று கத்தினார். அவள் கை பொசுங்கியதை அவர் பார்க்கவில்லை. பரிகாரத்துக்கு என்ன செய்யணும் என்று பூசாரியிடம் கேட்கப் போய்விட்டார்.

கூட்டத்தில் அய்யம்மாள் நிற்பதை அப்போதுதான் பரிபூரணம் பார்த்தாள். பெண்பிள்ளைகள் இரண்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. கிட்டே போனாள். அய்யம்மாள் அழுவாள் என்றோ, கையைப் பிடித்துக்கொள்வாள் என்றோ இவள் நினைத்தது உண்மை. அய்யம்மாள் அந்தப் பொசுங்கிய கையைப் பார்த்தாள்.

“இனிமே அவுகளுக்கு வேலை கிடைக்கும், அதுக்கு நீங்க நல்லா இருக்கணும்,” என்றாள். “ஆனா அவுக எடுக்கலன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்லம்மா. தெரிஞ்சுக்கிட்டேதான தாம்பாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீக.”

பரிபூரணம் பொசுங்கிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அய்யம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்துவிட்டாள். இத்தனை மாதமாகப் புருஷன் மேல் இருந்த அருவருப்பு, உட்கார வேறு இடம் தேடி அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது. ராஜபாளையம் நடந்து போகிற தூரத்தில் இல்லை. சங்கரலிங்கம் காரைத் திறந்தார். அவள் ஏறி, அதே பிளாஸ்டிக் சீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.