நிலம் ஓடுவதை நம்பிய அருள்நாயகம்

நாட்டைவிட்டு வந்து மில்லிக்கன் என்ற புறநகரில் வீட்டுக்கடன் எடுத்துக்கொடுக்கும் மோர்ட்கேஜ் ஏஜென்டாக இருந்த அருள்நாயகம், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காரில் இறுகிக் கிடந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது பூமியிலிருந்து நழுவிப் போனார். தெருவில் பலர் கண்டார்கள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயம் கொப்பர்நிக்கஸில் தொடங்கியது. அஜின்கோர்ட் நூலக மண்டபத்தில் மாதமொரு பேச்சு வைக்கும் நண்பர்கள், ஐப்பசியில் அவரைக் கொப்பர்நிக்கஸின் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அருள்நாயகம் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். கடலோரத் தேவாலயம் ஒன்றில் நிர்வாக வேலை பார்த்தபடி வானத்தை அளந்த அந்த மனிதர், சூரியன் நிற்கிறது, பூமிதான் ஓடுகிறது என்று கண்டுகொண்டதை ஏறத்தாழ முப்பது வருடம் முழுதாக அச்சில் ஏற்றாமல் வைத்திருந்தார் என்று வாசித்த இடத்தில் அருள்நாயகத்துக்கு மேலே வாசிக்க ஓடவில்லை. ஏன் ஒளித்தார் என்பதையே கிழமைக்கணக்கில் யோசித்தார். பேச்சு நன்றாகத்தான் நடந்தது. ஆனால் “பூமி சுழல்கிறது” என்று சொன்ன கணத்தில் அவர் அதை உண்மையாகவே நம்பிவிட்டார். கேட்டிருந்தவர்களுக்கு அது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த சங்கதி, நம்பியவர் எவருமில்லை. அவர்கள் கைதட்டி, ரோல்ஸ் சாப்பிட்டு வீடு போனார்கள்.

அன்றிலிருந்து அவர் மேற்கே வழுக்கத் தொடங்கினார். கட்டிலில் படுத்தவர் விடியும்போது மேற்குச் சுவரோடு ஒட்டிக் கிடந்தார். ஃபார்மசியில் வேலை செய்த மனைவி மங்கையற்கரசி தலைச்சுற்றுக்குக் குளிசை கொண்டுவந்தாள். பதினோராம் வகுப்பில் படித்த மகள் துர்க்கா, “அப்பா, ஜஸ்ட் டோன்ட் திங்க் அபவுட் இட்” என்றாள். இரண்டும் உதவவில்லை. மங்கையற்கரசி கையைப் பிடித்தால் மட்டும் அவர் நின்றார். “எனக்கு உந்தக் கதை ஒண்டும் விளங்காது. நான் நிக்கிற நிலம் நிக்குது” என்று சொல்லி, வேலைக்கு லீவு போட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அவர் கையை விடாமல் இருந்தாள்.

“அந்தாள் சேர்ச்சுக்குப் பயந்து ஒளிக்கேல்லை, மங்கை,” என்றார் அவர் ஒருநாள். “ஆரும் நம்பிப்போடுவினம் எண்டுதான் பயந்தவர்.”

“சும்மா இருங்கோ. என்ரை கையை விடாதேங்கோ.”

அந்தச் சனிக்கிழமையும் அவள்தான் அவருடைய இடக்கையைப் பிடித்திருந்தாள். சுரண்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று அழுதார்.

“என்னப்பா, அவ்வளவு தனியாவோ இருக்கு?”

“ஓம். இவ்வளவு வேகமா ஓடுது. எனக்கு மட்டும்தான் தெரியுது.”

அதை அவளால் தாங்க முடியவில்லை. அவருக்குத் துணையாகத் தானும் கொஞ்சம் நம்பிப் பார்ப்போம் என்று நினைத்தாள். ஒரு மூச்சு நேரம் நம்பினாள். டிரைவ்வே காலுக்கடியில் கிழக்கே பாய்ந்தது. அவர் கை நழுவியது. கராஜ்களுக்கும் பிளாசாவுக்கும் மேலாக அவர் மேற்கே போய்ச் சிறுத்து மறைந்தார். அவளும் போயிருப்பாள், சப்பாத்தில்லாமல் ஓடிவந்த துர்க்கா இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பொலிஸ் வந்து காணாமற்போனவர் என்று பதிந்தது. அடுத்த நாள் அதே நேரம் அவர் கிழக்கே, பிக்கரிங் பக்கமிருந்து வந்து, வீட்டுக் கூரையைத் தாண்டி மேற்கே போனார். அதற்குப் பிறகு தினமும் போகிறார். பிளாசாவில் கோப்பி குடிப்பவர்கள் அந்த நேரம் கப்பைப் பொத்திப் பிடிக்கிறார்கள், காற்று அப்படி அடிக்கும். மங்கையற்கரசி முதலில் கூப்பிட்டுப் பார்த்தாள்; ஒரு சொல்லுக்குக்கூட அவகாசமில்லை. ஆனியில் அவர் மேலில் கோட்டு இருக்கவில்லை. ஆடிக்குப் பிறகு அவர் கீழே பார்ப்பதில்லை.

போன கிழமையிலிருந்து துர்க்கா சாப்பிடும்போது மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். தாய் அதைக் கண்டாள். குழம்பை ஊற்றிவிட்டு, மகளுக்கு மேற்குப் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.