ஏழாம் கற்பனை

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. எங்கள் சபையின் வெள்ளிவிழா மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார்கள். தலைப்பும் அவர்களே கொடுத்தார்கள்: 'எல்லா வயதினருக்குமான நம் ஊழியங்கள்.' அந்த ஊழியங்களுக்குப் பத்து வருஷம் செயலாளராக இருந்தவன் நான்தான். பெயர் ராசையா, யானைக்கவுனியில் கருப்பட்டி மொத்த வியாபாரம், வீடு ராயபுரத்தில். அதனால் என்னைக் கேட்டது நியாயமே.

முதல் வரி இப்படி எழுதினேன்: 'கிருபையால் நம் சபையில் தொட்டில் முதல் முதுமை வரை—'

அந்த இடத்தில் பேனா நின்றது. தொட்டில் என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. அது ஏன் என்று சொல்லப் போய் இவ்வளவு நீண்டுவிட்டது. இது 1958. நடந்தது 1953-ல்.

2

வேறொரு தொடக்கம்: 'ராயபுரம் ரயிலடிக்குக் கொஞ்ச தூரத்தில், துறைமுகத்துக் கரித்தூள் ஜன்னல்களில் படியும் ஒரு லுத்தரன் கோயிலில், ஃப்ளோரன்ஸ் என்ற இளம்பெண்—'

(அழகாக இருக்கிறது. ஆனால் நான் அதில் எங்கும் இல்லை. விட்டுவிட்டேன்.)

இன்னொன்று: 'செயலாளர் ராசையா நல்ல மனிதர்.' (இதையும் விட்டுவிட்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். நான் போட்ட அட்டவணை இது. புதன்கிழமை மாதர் சங்கம். வெள்ளிக்கிழமை முதியோர் ஜெபக்கூட்டம். சனிக்கிழமை வாலிபர் சங்கம். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி. நடக்கத் தெரியாத குழந்தைகளையும் விடவில்லை. ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைகளின் பெயர்களை எழுதி 'தொட்டில் பட்டியல்' என்று சுவரில் மாட்டினேன். கப்பலில் வந்த நிவாரணப் பால்பவுடர் அந்தப் பட்டியலில் இருந்த குழந்தைகளுக்குத்தான். பட்டியலில் இல்லாத குழந்தைக்கு ஒரு கரண்டி கூடக் கிடையாது. அதுவும் என் ஏற்பாடுதான்.

ஃப்ளோரன்ஸ் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார். இருபத்திரண்டு வயது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவள் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகளும் நைசாக அவள் வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

3

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. ஆனால் இது இல்லாமல் கதையே இல்லை.)

நாங்கள் கிறிஸ்தவர்கள் பத்துக் கட்டளைகளைப் 'பத்துக் கற்பனைகள்' என்போம். வெளியே கற்பனை என்றால் இல்லாததைச் சொல்வது. கோயிலுக்குள் அதுவே மீறக்கூடாத சட்டம். கதை எழுதுகிறவனுக்கு இது கொஞ்சம் சங்கடமான சொல்தான்.

எல்லாச் சபைக்கும் கற்பனைகள் பத்துதான். எண்ணுகிற விதத்தில்தான் வித்தியாசம். நான் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிப் பக்கத்துச் சபையில் விக்கிரகம் பற்றியதை இரண்டாவதாகத் தனியே எண்ணுவோம். லுத்தரன்களும் கத்தோலிக்கரும் அதை முதலாவதோடு சேர்த்துவிடுவார்கள். அதனால் வரிசை ஒன்று தள்ளிப்போகும். கடைசிக் கற்பனையை இரண்டாக்கிப் பத்தைச் சரிக்கட்டிக்கொள்வார்கள். லுத்தரன் எண்ணிக்கையில் ஏழாவது, களவு. எங்கள் ஊர் எண்ணிக்கையில் ஏழாவது, விபசாரம்.

வீட்டுக்குப் பக்கம் என்று லுத்தரன் கோயிலில் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. சின்ன வயதில் மனப்பாடம் செய்த வரிசை மட்டும் எனக்கு மாறவேயில்லை.

4

நற்கருணை எடுக்கிறவர்கள் முன்கூட்டியே வந்து பெயர் கொடுக்க வேண்டும். ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம்) எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களுக்கு இரண்டு வாரம் ஊழியத்துக்குப் போயிருந்ததால், அந்தச் சனிக்கிழமை பெயர் எழுதிக்கொண்டவன் நான். ஃப்ளோரன்ஸ் பெயர் கொடுக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். 'ஏழாம் கற்பனையை மீறிவிட்டேன். பிள்ளைகள் முன்னால் நிற்க எனக்குத் தகுதி இல்லை.'

பிறகு நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல் கூடக் கூட்டவில்லை.

"தெரிஞ்சுதான் எழுதுனியாம்மா?"

"தெரிஞ்சுதாங்கய்யா. பண்ணும்போதே தெரியும்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு வாட்டி."

"எங்க வச்சு?"

"இங்கதாங்கய்யா. சாமான் ரூமுல."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட யாரு?"

"இன்னாசி அண்ணன் வாசல்ல நின்னுகினு இருந்தாரு. அவரு மேல தப்பு இல்லீங்கய்யா. நான்தான் இட்டாந்தேன்."

இன்னாசி எங்கள் சபை இல்லை. துறைமுகத்திலிருந்து கைவண்டியில் எங்களுக்குச் சாமான் கொண்டுவருகிற கத்தோலிக்கர். நாலு பிள்ளைக்குத் தகப்பன்.

"ஏம்மா இப்படி?"

"கொயந்தைக்காகத்தாங்கய்யா."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளையிடம் மேலே கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். 'எந்தக் குழந்தை?' என்று இரண்டே சொல் கேட்டிருந்தால் இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும். மலருக்கு நல்ல கட்டுரையும் கிடைத்திருக்கும்.

5

வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும். 'திருடினேன்' என்று எழுதாமல் எவளாவது எண்ணை எழுதுவாளா? எனக்கும் அது வந்தது. பாத்திரம் நம்பும்படி இல்லையே என்று இரண்டு வரைவுகளில் அவளைத் தெளிவாகவே எழுதவைத்துப் பார்த்தேன். நடந்தது அதுவல்ல. பின்னால் அவளே சொன்னாள்: "களவுன்னு எழுத கை வர்லீங்கய்யா. அதான் நம்பரு போட்டேன்."

இனி என் மனைவி சுகிர்தம். மாதர் சங்கத் தலைவி. அன்று மாலை அவளிடம் சொன்னேன். புறம் பேசவில்லை, ஜெபக்குறிப்பாகத்தான் சொன்னேன். எங்களுக்குள் அப்படி ஒரு வழி உண்டு.

(இந்த இடத்தை எழுதும்போது அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று வாசித்தாள். "என்னைய எதுக்கு இதுல இழுக்கீங்க? நீங்க சொன்னதத்தான நான் சொன்னேன்?" என்றாள். அது உண்மைதான்.)

புதன்கிழமை மாதர் சங்கத்தில் பெயர் சொல்லாமல் ஜெபித்தார்கள். வெள்ளிக்கிழமை முதியோர் பெயர் சொல்லியே ஜெபித்தார்கள். சனிக்கிழமை வாலிபர் சங்கத்துக்கு இன்னாசியின் பெயரும் தெரிந்திருந்தது. ஞாயிறு காலை ஃப்ளோரன்ஸின் வகுப்புக்கு நாலு பிள்ளைகள் வந்தார்கள். என் அட்டவணை வேறெந்தக் காரியத்துக்கும் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை.

அவளை யாரும் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். ஒரு களவுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று அவள் நினைத்திருக்கிறாள். தகும் என்றும் நினைத்திருக்கிறாள்.

6

ஐயர் அதற்கு அடுத்த சனிக்கிழமை திரும்பினார். சீட்டை வாசித்துவிட்டு என் எதிரிலேயே அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்னம்மா எடுத்தே?"

"ரெண்டு டின்னு பால்பவுடருங்கய்யா. எங்க பக்கத்து வூட்டு ரஹீமுன்னிசா அக்காவுக்குப் பாலு வத்திப்போச்சு. கொயந்த அயுதுகினே கீது. அது நம்ம பட்டியல்ல இல்ல. ரெண்டு வாட்டியும் இன்னாசி அண்ணன்தான் வண்டில போட்டுகினு போய் குட்தாரு. எனுக்குன்னு சொல்லித்தான் ஏத்துனேன். களவுன்னு அவருக்குத் தெரியாது."

ஐயர் என்னைப் பார்த்தார். வந்ததுமே சபையில் பரவியிருந்த பேச்சு அவர் காதில் விழுந்திருந்தது; இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. எண்ணிக்கை வித்தியாசத்தை எனக்கு மெதுவாகத்தான் விளக்கினார். அவள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அப்போ நீங்க இன்னா நெனச்சீங்கோ ஐயா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் அந்தச் சீட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"நாளைக்கு அறிவிப்பு வாசிக்கும்போது நீங்களே சொல்லிடுங்க, ராசையா," என்றார் ஐயர். சரி என்றேன்.

அவள் எழுந்துகொண்டாள். "களவுன்னே சொல்லுங்கோ ஐயா. அந்த வார்த்தைய சொல்லணும். அத்த நான் பண்ணேன். இன்னொண்ண நான் பண்ணல."

7

மறுநாள் அறிவிப்புத் தாளோடு எழுந்து நின்றேன். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதர் சங்கம், முதியோர் கூட்டம், வாலிபர் சங்கம் எல்லாம் வாசித்தேன். பிறகு இதை வாசித்தேன்:

"இரு வாரங்களுக்கு முன் ஒரு கற்பனையின் எண்ணைக் குறித்துச் சிறு குழப்பம் ஏற்பட்டது. அது சரிசெய்யப்பட்டது."

உட்கார்ந்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பாட்டு தொடங்கியதும் அவள் பக்கவாசல் வழியாக வெளியே போனாள். ஐயர் கேட்டபோது, ஒரு பெண்பிள்ளையை எப்படிக் கள்ளி என்று சொல்வது என்றேன். அவர் கோபமாக எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனார். வீடு காலியாகக் கிடந்தது. திருவொற்றியூர் என்றார்கள், வள்ளூர் என்றார்கள். நான் தேடவில்லை.

8

முடிவுகள்.

(அ) நான் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன். நாலு தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் நல்லவனாகத் தெரிந்தேன். கிழித்துவிட்டேன்.

(ஆ) ஃப்ளோரன்ஸே எழுந்து நின்று சொல்லிவிடுகிறாள். சுகிர்தத்துக்கு இது பிடித்திருந்தது. என் வேலையை அவள் தலையில் கட்டுவதால் எனக்குப் பிடிக்கவில்லை.

(இ) ஐயர் சொல்கிறார். அவரிடம் நானே சொல்வதாக ஒப்புக்கொண்டேனே.

மலர்க்குழு இதை அச்சிடாது. எப்படியோ உங்கள் கைக்கு வந்திருந்தால், மிச்ச வேலை உங்களுடையது. கீழே ஒரு வரி இருக்கிறது. சத்தமாக வாசியுங்கள். பக்கத்தில் நாலு பேர் இருந்தால் ரொம்ப நல்லது. நேற்று நானே வாசித்துப் பார்த்தேன். சமையலறையில் சுகிர்தம் இருந்தாள். குரல் எழும்பவில்லை.

ராயபுரத்து ஃப்ளோரன்ஸ் களவு செய்தாள். வேறொன்றும் செய்யவில்லை.