கண்ணாடி அலுமாரியின் சாவி

றமீஸா டீச்சரின் கைப்பையில் எது இல்லாவிட்டாலும் அந்தச் சாவி இருக்கும். கலஹா டவுனுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு நூலகப் பொறுப்பாளராக அவள் வந்து ஒன்பது வருடம். கண்ணாடி அலுமாரியில் நாற்பத்தாறு கதைப் புத்தகங்கள். ஒன்று குறைந்தாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார். அன்று பூட்டியதுதான். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்று பார்ப்பார்கள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும். அதைத் துடைப்பதுதான் டீச்சரின் வேலை. நல்ல நூலகந்தான், போங்கள்!

கார்த்திகை மழையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லய வீடுகளை மூடியது. உயிர் தப்பிய குடும்பங்களைப் பாடசாலையில் தங்க வைத்தார்கள். நூலக அறையிலும் பாய் விரித்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் டீச்சர் வந்தாள். ஆட்களைப் பார்க்கத்தான் வந்தாள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பூட்டைப் பார்க்கத்தான் வந்தாள்.

அறைக்குள் பனிமூட்டம் நுழைந்து சுவர்களே இல்லாததுபோல் இருந்தது. ஏழாம் வகுப்பு நிஷாந்தினி சின்னப் பிள்ளைகளைச் சுற்றி வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடலுக்கு அடியில ஒரு தபாற்கந்தோர் இருக்குது. அங்க வர்ற கடிதமெல்லாம் நனைஞ்சுதான் இருக்கும். ஆனா ஒரு எழுத்துகூட அழியாது. மண்ணுக்குள்ள போன வீட்டு விலாசமும் அந்தத் தபால்காரருக்குத் தெரியும்."

"எங்க லயத்துக்கும் வருவாரா அக்கா?"

"வருவாரு. நீந்தியே வருவாரு."

டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள். 'கடலடித் தபாற்கந்தோர்', இரண்டாம் தட்டில் இருக்கும் நீல அட்டைப் புத்தகம். ஒன்பது வருடம் காவல் காத்தவள் அதை ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை.

"இத எப்ப வாசிச்ச புள்ள?"

"வாசிக்கலைங்க டீச்சர். பேரு மட்டும் வெளிய தெரியுதில்ல? மிச்சத்த நானே சேத்துக்கிட்டேன்."

டீச்சர் சாவியை எடுத்தாள். நிஷாந்தினி பதறிப்போனாள்.

"வேணாம் டீச்சர், பூட்டியே இருக்கட்டும். ஒண்ணு தொலைஞ்சாலும் உங்களுக்குத்தானே கரைச்சல்."

வீட்டையே தொலைத்த பிள்ளை சொல்கிறது! டீச்சருக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. பூட்டைத் திறந்தாள். சாவியை நிஷாந்தினியின் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் இறங்கிப் போனாள். கலஹா டவுன் வருவதற்குள் இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தாள். நாற்பத்தாறு புத்தகம் அல்லவா!

விடிந்ததும் ஓடி வந்தாள். அலுமாரி அகலத் திறந்து கிடந்தது. தட்டுகளில் ஒரு புத்தகம்கூட இல்லை.

பிறகுதான் பனி கொஞ்சம் விலகியது. போர்வைகளுக்குள்ளிருந்து அட்டைகள் எட்டிப் பார்த்தன. ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, உதடு அசைய எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வகுப்பறையிலும் யாரோ சத்தமாக வாசிக்கும் குரல் கேட்டது.

நிஷாந்தினி வெற்று அலுமாரிக்குப் பக்கத்தில் கொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். "பயப்படாதீங்க டீச்சர். யாருகிட்ட எது இருக்குதுன்னு எழுதி வச்சிருக்கேன்."

நாற்பத்தாறு பெயர்கள். எழுதியவளின் பெயர் மட்டும் இல்லை.

"ஒனக்கு?"

"எல்லாரும் கேட்டாங்க, முடிஞ்சிருச்சி."

"அந்த நீலப் புத்தகம்?"

"அத இந்தச் சின்னவன் கேட்டு அழுதான். குடுத்துட்டேன்."

டீச்சர் சாரி கசங்கத் தரையில் உட்கார்ந்தாள். "அப்ப எனக்கும் ஒண்டு எழுது."

"ஒண்ணும் மிச்சமில்லையே டீச்சர்!"

"ஒண்டு மிச்சம் ஈக்கி. நேத்து பாதியில நிப்பாட்டின கதை ஈக்கே, அதத் தா."

நிஷாந்தினி கொப்பியை மறுபடி விரித்தாள். பிறகு நாற்பத்தேழு என்று இலக்கமிட்டு, றமீஸா டீச்சர் என்று எழுதினாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மிகக் கண்டிப்பான குரலில் கேட்டாள்.

"எப்ப திருப்பித் தருவீங்க?"