பட்டன் இன்னும் வாசலில் உட்கார்ந்திருக்கிறது

...வந்துருவான்ப்பா என்று எந்த வாயால் சொன்னோம் என்று லொரெட்டாவுக்கே தெரியவில்லை, ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது கட்டிலிலிருந்து அப்பா கேட்டார், தினமும் கேட்கிற அதே கேள்வி, "லொரி, பையன் வந்துட்டானாம்மா? பேப்பர் எங்க?", இவள் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே "பேப்பர் இன்னும் வரலப்பா, பையன் இன்னிக்கு வந்துருவான்" என்று சொல்லிவிட்டாள், ஒரே மூச்சில் இரண்டு பச்சைப் பொய்... இன்றைக்கு அவன் வரவில்லை, நாளைக்கும் வரமாட்டான், அது இவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும், பேப்பரில் தினமும் வருகிற 'பட்டன்' நாய்ச் சித்திரக்கதையின் இன்றைய நாலு கட்டங்களை வரைந்து சிகாகோ பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பியவளே இவள்தானே, ஆறு வாரத்துக்கு முன்னாலேயே. இன்றைக்குப் பட்டன் வாசலில் உட்கார்ந்து தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது. நாளைக்கு மழை, பட்டன் நனையும், உள்ளே வராது. பையன் ஆலி கோடை முகாமிலிருந்து திரும்புவது ஆகஸ்ட் கடைசியில். இப்போது ஜூலையே பாதி தாண்டவில்லை. நர்ஸ் பெவ் நேற்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "ரெண்டு நாளோ மூணு நாளோ, அதுக்கு மேல இழுக்காது லொரெட்டா. யாருக்காவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு." யாருக்குச் சொல்வது? அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இவளும் ஒரு நாயும், அதுவும் காகித நாய்.

காகித நாய்தான், ஆனால் இந்த அயோவாவில் அதற்கு இருக்கிற சொந்தபந்தம் எந்த மனுஷனுக்கு இருக்கிறது, கடைக்குப் போனால் "உங்க பட்டன் என்னம்மா பண்ணுது?" என்றுதான் கேட்பார்கள், அப்பா எப்படி இருக்கிறார் என்பது அப்புறம்தான். இடது காதில் கறுப்புத் திட்டு, சப்பை மூக்கு, ஐம்பது வருஷமாக ஒரு நரை கிடையாது. ஆலிக்கும் ஐம்பது வருஷமாக ஒன்பது வயசு. அவன் தங்கைக்கு ஏழு வயசு, அது லொரெட்டாதான், இவளுக்கு மூட்டுவலி மாத்திரை வந்தாயிற்று, அந்தப் பொடிப்பெண் இன்னும் பல் விழுந்த வாயோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து வரைவதும் இவள், மூலையில் 'ஆர்லன் வெஸ்ட்பால்' என்று அவர் கையெழுத்தைப் போடுவதும் இவள். அதைப் பற்றி ஒரு நாள், ஒரு வார்த்தை இரண்டு பேரும் பேசினதில்லை. பேசினால் என்ன, குடியா முழுகிவிடும்? ஆனால் பேசவில்லை. விடிந்ததும் பேப்பரை விரிப்பார், கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் படத்தின் மேல் ஒரு தேய் தேய்ப்பார், அச்சு எப்படி ஏறியிருக்கிறது என்று பார்க்கிற பழைய பத்திரிகைக்காரர் பழக்கம், விரலைப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" நல்ல ம்-மா கெட்ட ம்-மா என்று இத்தனை வருஷத்தில் இவளுக்குப் பிடிபடவில்லை.

வசந்தத்தில் சிகாகோவிலிருந்து போன் வந்தது, இந்த ஆகஸ்ட்டோட நிறுத்திக்கலாம்மா, அழகா ஒரு முடிவு குடுத்துடுங்க என்று. அழகான முடிவாம். இவள் என்ன செய்தாள், ஆலியைக் கோடை முகாமுக்கு அனுப்பினாள், நாய் நாளெல்லாம் வாசலில் காத்திருக்கட்டும், கடைசி நாள் அவன் வரட்டும், கட்டிப் பிடித்துக்கொள்ளட்டும், தீர்ந்தது. ஊரே அழுமே என்று மனசுக்குள் ஒரு சபாஷ்கூடப் போட்டுக்கொண்டாள். புத்தி எங்கே போயிற்று அப்போது? அண்ணன் போனதிலிருந்து அப்பா ஒரு நாளும் ஆலியை வாசல் கேட்டுக்கு வெளியே விட்டதில்லையே... பந்து வெளியே போனால் நாய்தான் போய் எடுத்துவரும், பள்ளிக்கூடம் என்றால் பை மட்டும் ஆணியில் தொங்கும். ஏன் என்று இவள் கேட்டதில்லை, கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. அப்பா யாரைப் பார்த்து ஆலியை வரைந்தாரோ அந்தக் கென்ட் டிரக்கை எடுத்துக்கொண்டு போனது நாற்பது வருஷத்துக்கு முந்தி ஒரு ஜனவரியில், பத்தொன்பது வயசு அண்ணன், ரோடெல்லாம் பனிக்கட்டி, "அரை மணியில வந்துடறேன், வாசலைத் தாண்டாதே" என்று நாயின் காதைத் திருகிவிட்டுப் போனான், அப்போது நிஜப் பட்டன் இருந்தது. டிரக் வழுக்கிச் செத்துப்போனான். அவனை அடக்கம் செய்த அன்றைக்குக் காலையில் பேப்பர் வந்தது. அதில் ஆலி சறுக்குவண்டியில் பனிமேட்டிலிருந்து ரோட்டுக்கு வழுக்கிக்கொண்டு வந்து விழுந்து விழுந்து சிரிக்கிறான், ஆறு வாரத்துக்கு முந்தி வரைந்து அனுப்பியது, யாராலும் திருப்பி வாங்க முடியாதது. ஊர் முழுக்கச் சிரித்திருக்கும் அன்றைக்கு. அம்மா அதைப் பார்த்தாள், அதற்கப்புறம் சாகிறவரைக்கும் பேப்பரைத் தொடவில்லை. நிஜப் பட்டன் பனிக்காலம் முழுக்க வாசலை விட்டு நகரவில்லை. அதே நாயை அதே வாசலில் உட்காரவைத்து, தினமும் காலையில் பெற்றவர் கண்ணெதிரே நீட்டியிருக்கிறாளே, பாவி, பாவி... அவருக்குக் கண் மங்கிவிட்டது, கவனிக்கமாட்டார் என்று நினைத்தாள். முதல் நாளே கவனித்துவிட்டார். "எங்கம்மா அனுப்பின அவனை?"

மேஜையில் பெரிய தாள் விரித்தபடியே கிடக்கிறது, கடைசி நாளுடைய படம். மூன்று கட்டங்களில் நாய் இருக்கிறது, நாலாவதில் கதவு திறந்திருக்கிறது, கதவில் ஆள் இல்லை. பென்சிலை எடுத்தால் கை ஓடவில்லை. அவனை உள்ளே கொண்டுவந்துவிட்டால் பட்டன் முடிந்தது, இந்த வீட்டில் பேனாவுக்கே வேலையில்லை, விடியற்காலையில் எழுந்து இவள் எதற்கு விளக்கைப் போடவேண்டும்? வராமலே இருந்தால்... அங்கே கட்டிலில் ஒரு மனுஷன் காத்துக்கொண்டே போய்விடுவார். சரி, ஊருக்கு ஆகஸ்ட்டில் வரட்டும், அவருக்கு இன்றைக்கே வந்தாலென்ன? பேப்பரைப் பிரித்தாள், தபால்காரர் படத்தை அளந்தாள், மெல்லிய தாளில் அதே அளவுக்கு நாலு கட்டம் போட்டாள். இந்த அளவில் இவள் வரைந்ததே இல்லை, நாயின் காது ஒரு பட்டாணி அளவு. முதல் கட்டம் நாய். இரண்டாவதில் காது நிமிர்கிறது. மூன்றாவதில் வால். நாலாவதில் அவன், முழங்காலில் சிராய்ப்பு, தோளில் பை, முன்தலையில் அடங்காத அந்த முடிச்சுருள்... கென்ட்டுக்கு அப்படியொரு சுருள் இருந்ததா, இல்லை அப்பா வரைந்து வரைந்து இருந்ததாக ஆகிவிட்டதா? அண்ணன் முகத்தைக் கண்ணுக்குள் கொண்டுவரப் பார்த்தாள், ஆலியின் முகம்தான் வந்தது. மை பூசினாள், வெட்டினாள், பேப்பரில் தபால்காரர் படத்தின் மேல் ஒட்டினாள். காயட்டும் என்று ஊதுவதற்குள் உள்ளேயிருந்து இருமல்.

"வந்துருச்சுப்பா பேப்பர்," என்று விரித்துப் பிடித்தாள். கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவர் ஒவ்வொரு கட்டமாகப் போனார், அவசரமே இல்லை, நாலாவதில் நின்றார், நின்றார். "வந்துட்டானா," என்றார், இந்தத் தடவை கேள்வி இல்லை. அப்புறம் பழக்க தோஷம், கட்டைவிரலை நாக்கில் தொட்டார், இவள் "அப்பா, வேணாம்..." என்பதற்குள் தேய்த்தே விட்டார். விரல் முழுக்கக் கறுப்பு. ஆலியின் முகம் கதவு வரைக்கும் இழுபட்டுப் போயிற்று. அப்பா விரலைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், அழுவதா சாவதா என்று இவள் நிற்கிறாள்.

"இன்னும் காயவே இல்லையேம்மா," என்றார். "இப்பதான் வந்தானா?"

"ஆமாப்பா. இப்பதான்."

"ம்," என்றார், பேப்பரை மடிக்கவிடாமல் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார், கறுத்த விரலைத் துடைக்கப் போனால் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். அது நல்ல ம்-தான், இன்றைக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எவன் வந்ததற்கு, ஆலியா, கென்ட்டா? கேட்டிருக்கலாம், அதற்குள் அவர் கண்ணயர்ந்துவிட்டார். மேஜைக்குத் திரும்பினாள். பெரிய தாளில் கதவு இன்னும் திறந்தே கிடந்தது, பட்டன் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது, சாயங்காலத் தபாலுக்குள் முடித்து அனுப்பியாகவேண்டும். லொரெட்டா பேனாவை மையில் தோய்த்தாள். வந்தவன் உள்ளே அப்பாவிடம் இருக்கிறான், முகமெல்லாம் கலைந்து... அப்படியானால் இந்தக் கதவில் இப்போது யாரை வரைவது?