பக்கத் தையல் இல்லாதது

மலையேற்றச் சாமான் கடையில் அந்த அம்மாள் ஆண்கள் உள்ளாடை ஒவ்வொன்றையும் உட்புறம் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வேர்வை நிக்காதும்மா, உடனே காஞ்சிடும். நாள் பூரா நடந்தாலும் தொடை உராயாது. சார் எந்த மலைக்குப் போறாரு?" என்றான் விற்பனையாளன்.

"நாள் பூரா படுத்தே கெடந்தா?"

சிரிக்க வாய் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்து அடங்கினான். பக்கவாதத்தில் விழுந்த கணவருக்குப் பருத்தித் துணியின் ஈரத்தில் இடுப்பு சிவந்திருந்தது. தோல் பிய்ந்தால் ஆறுவது கஷ்டம் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். அவள் சொன்னதைக் கேட்டு அவன் தேடி, பக்கத் தையலே இல்லாத ஒன்றை, ஓர் அளவு பெரிதாக எடுத்துக் கொடுத்தான். வீட்டில் போடவும் நல்லது என்றான்.

வீட்டில் அவள் அதை முழங்கால்வரை ஏற்றியதும், அவர் அசையும் ஒரே கையால் துணியை நெருடினார். மலை மலையாக அலைந்தவரின் விரல்களுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"எப்ப கெளம்பறோம்?" என்று குழறினார்.

"கெளம்பலாம், என்ன அவசரம்? மொதல்ல அந்தப் பக்கம் திரும்புங்க."

புரட்டிப் பார்த்தாள். காலையில் சிவந்திருந்த இடத்தில் தோல் பிய்ந்திருந்தது.